மோட்டிவேஷன் டென்னிஸ் சக்கர நாற்காலி: பயிற்சிக் கூடத்துக்கு வாங்கலாமா?

சக்கர நாற்காலி டென்னிஸில் ஆடுகளம், வலை, மட்டை எல்லாம் மற்றவர்கள் ஆடும் அதே டென்னிஸுக்கு உரியவைதாம். பந்து இரண்டு முறை தரையில் படலாம், இரண்டாவது முறை கோட்டுக்கு வெளியே விழுந்தாலும் தவறில்லை என்பதே முக்கியமான விதி வேறுபாடு. ஆகவே புதிதாக ஆட வருபவரைத் தடுப்பது விளையாட்டின் கடினம் அன்று, நாற்காலியின் விலைதான். உடலளவு எடுத்துச் செய்யப்படும் விளையாட்டு நாற்காலி ஒன்றுக்கு லட்சக்கணக்கில் செலவாகும். வசதி குறைந்த நாடுகளுக்கென 1991 முதல் நாற்காலிகளை வடிவமைத்துவரும் பிரிட்டன் அறக்கட்டளையான மோட்டிவேஷனின் விளையாட்டு நாற்காலி கவனத்துக்கு உரியதாவது இதனால்தான்.

மருத்துவமனைகளில் காணும் மடக்கு நாற்காலியில் ஆடிப் பழகியவர் இதில் ஏறிய உடனேயே வேறுபாட்டை உணர்வார். பின்சக்கரங்கள் மேற்புறம் உடலை நோக்கிச் சாய்ந்தும் கீழே அகன்றும் இருப்பதால், ஒரு கையால் சக்கரத்தின் தள்ளுவளையத்தைப் பிடித்து நிறுத்தி மறு கையால் தள்ளி வெடுக்கெனத் திரும்பினாலும் நாற்காலி கவிழ்வதில்லை. சர்வீஸ் போடும்போது உடலைப் பின்னால் சாய்த்தால், பின்புறத்துச் சிறு சக்கரம் தாங்கிக்கொள்கிறது. மட்டையைக் கீழே வைக்காமல், அதன் பிடியைத் தள்ளுவளையத்தோடு சேர்த்து அழுத்தித் தள்ளும் வித்தையைப் பழகச் சக்கரங்களின் சாய்வு பெரிதும் துணைசெய்கிறது.

குறை என்றால், ஆயத்த அளவுகளில் வருவதுதான். இடுப்புக்கும் இருக்கையின் பக்கத்துக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி இருந்தால்கூட, முதலில் உடல் திரும்பி, அதன் பிறகே நாற்காலி திரும்பும். அந்த நொடிக்குள் பந்து கடந்துவிடும். ஜப்பானின் சக்கர நாற்காலி டென்னிஸ் வீரர் ஷிங்கோ குனியேடா போன்றோர் தங்கள் உடலுக்கென்றே செய்த நாற்காலியில் ஆடியது இதனால்தான். பக்கங்களில் கெட்டியான பஞ்சு வைத்து, இடுப்புப் பட்டையையும் கால் பட்டையையும் இறுக்கினால் பெருமளவு சரியாகும். எடையும் அளவெடுத்துச் செய்தவற்றைவிடச் சற்று அதிகம்.

போட்டிகளில் தொடர்ந்து ஆடுபவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே நாற்காலியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்தும் பயிற்சிக் கூடங்கள் தயங்காமல் வாங்கலாம். இருக்கையின் அகலத்தை மட்டும், ஆடப்போகிறவர்களின் இடுப்பை அளந்து பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.