மார்கழிப் பனியைக் காட்டி காரின் பெயிண்ட்டைக் கெடுக்கிறார்கள்: வேலூர்க்காரர்கள் கவனத்துக்கு

மார்கழி பிறந்ததும் இங்கே சில வாட்டர் சர்வீஸ் கடைகளில் ஒரே பேச்சுதான். "பனி காலம் சார், வாரத்துக்கு ரெண்டு வாட்டி வாஷ் அடிக்கலன்னா பெயிண்ட் வெளுத்துடும். மாசம் எட்டு வாஷ், அண்டர்பாடி ஸ்ப்ரே ஃப்ரீ." எங்கள் தெருவில் ஒரு கருப்பு ஹேட்ச்பேக் போன பனிக்காலத்தில் இதை நம்பிப் போய் இரண்டு மாதத்தில் 16 வாஷ் வாங்கியது. ராத்திரியில் பானெட் மேல் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தால், வெளிச்சத்தைச் சுற்றி சிலந்திவலை மாதிரி வட்டவட்டமாக மெல்லிய கீறல்கள். கேட்டதற்கு, "பனி அரிச்சிடுச்சு சார், செராமிக் கோட்டிங் போட்டா சரியாயிடும்" என்று, பெயிண்ட் மேல் பூசும் அந்தப் பாதுகாப்புப் பூச்சுக்கு 14,000 ரூபாய் வாங்கினார்கள். காலை 10 மணிக்கு விட்ட கார் மதியம் 1 மணிக்கு ரெடி. கண்ணாடி போலப் பளபளத்தது. மூன்றே வாரத்தில் கீறல் அத்தனையும் திரும்ப வந்துவிட்டது. கடையின் பெயரைப் போடவில்லை, இதே வேலையைச் செய்யும் கடைகள் இன்னும் இருக்கின்றன.

பனி பெயிண்ட்டை அரிக்காது. பனித்துளியில் போர் தண்ணியில் இருக்கிற உப்பு கிடையாது. கெடுதல் செய்வது அதற்கு அடியில் கிடக்கும் தூசி. பாலாற்று மணலும், குவாரிப் பக்கமிருந்து வரும் கல் தூசியும், பெங்களூர் ரோட்டுப் புழுதியும் சேர்ந்து ராத்திரியெல்லாம் படிந்து, விடிகாலைப் பனியில் ஊறிக் குழம்பாகிவிடும். அதன் மேல் துணி வைத்து ஒரு இழுப்பு இழுத்தால் உப்புத்தாள் தேய்த்தது போலத்தான். மணல் பெயிண்ட்டைவிடக் கடினமானது. பெயிண்ட்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட்டோ சாதாரணமாக 40, 50 மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. தினமும் காலையில் பனியைத் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் காரைச் சுத்தமாக வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டே கீறுகிறார்கள். கண்ணாடிக்கு மட்டும் வைப்பர் போட்டு, மற்றதைப் பனியோடு விட்டுவிடுங்கள்.

குளிர்காலத்தில் அடிக்கடி கழுவச் சொல்வது பனி உறையும் நாடுகளுக்கான யோசனை. அங்கே ரோட்டில் உறைபனி உருக உப்புக் கொட்டுவார்கள், அது அடிப்பக்க இரும்பைத் துருவாக்கும். நம் ஊர் ரோட்டில் உப்பும் இல்லை, பக்கத்தில் கடலும் இல்லை. ஷெட்டில் நிற்கும் காருக்கு 15 நாளுக்கு ஒருமுறை போதும். வெளியில் நிற்பதற்கும், தினமும் ஹைவேயில் ஓடுவதற்கும் வாரம் ஒன்று. பறவை எச்சம் மட்டும் விதிவிலக்கு. பார்த்த அன்றே ஈரத்துணியை 5 நிமிஷம் மேலே போட்டு ஊறவைத்து, தேய்க்காமல் தூக்கி எடுக்கவேண்டும்.

அந்தக் கடையில் நடந்ததைப் பார்த்தபோதே விஷயம் புரிந்துவிட்டது. ஒரே பக்கெட், ஒரே ஸ்பாஞ்ச். முதலில் வீல், பிறகு அதே ஸ்பாஞ்ச் கதவுக்கு. நடுவில் அது கை தவறித் தரையில் விழுந்தது. சிமெண்ட் தரை மணல் அதில் ஒட்டியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. அலசாமல் எடுத்து பானெட்டில் வைத்தார்கள். ஷாம்பு என்று நுரைத்தது சோப்புத்தூள் கரைத்த தண்ணி. அதன் காரம் பெயிண்ட் மேல் பூசிய வாக்ஸைச் சீக்கிரமே எடுத்துவிடும். துடைக்க பனியன் வேஸ்ட். கல் பட்டுத் தெறித்த இடத்தில் பிரஷர் கன்னை அரையடியில் வைத்து அடித்ததால் பம்பர் ஓரத்தில் பெயிண்ட் பொருக்காகப் பெயர்ந்தது. கன் எப்போதும் ஒரு அடிக்கு மேல் தள்ளி, சாய்வாகப் பிடிக்கவேண்டும்.

காரின் அடிப்பக்கத்தில் ஃப்ரீ என்று அடித்த அண்டர்பாடி ஸ்ப்ரே, டீசலும் பழைய ஆயிலும் கலந்தது. துருவைத் தடுக்க அல்ல, கருப்பாகப் பளபளக்க. சஸ்பென்ஷனில் இருக்கும் ரப்பர் புஷ், ஆக்சில் இணைப்பை மூடும் ரப்பர் பூட் எல்லாம் ஆயிலில் ஊறி உப்பி மெத்தென்று ஆகும். அதன் மேல் புழுதி அப்பிக்கொள்ளும். "வேண்டாம்" என்று காரை விடும்போதே சொல்லி, பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

இப்போது அந்த மூன்று மணி நேரக் கோட்டிங். உண்மையான செராமிக் என்றால் முதலில் கழுவி, களிமண் மாதிரியான கிளே பாரால் ஒட்டிய அழுக்கை எடுத்து, மெஷினில் ரப்பிங், பாலிஷ் போட்டுக் கீறலை நிஜமாகவே குறைத்து, ஆல்கஹாலால் துடைத்து, பிறகுதான் ஒவ்வொரு பேனலாகப் பூசவேண்டும். குறைந்தது ஒரு முழு நாள், பெரும்பாலும் இரண்டு நாள் வேலை. பூசிய பின் ஒரு நாள் தண்ணி படக்கூடாது, ஒரு வாரம் வாஷ் கூடாது. அங்கே போட்டது கீறலுக்குள் மெழுகை அடைக்கும் கிளேஸ். சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணியும் சரிபாதி கலந்து, மைக்ரோஃபைபர் துணியில் நனைத்து, நிழலில் ஒரு சாண் இடத்தை மெதுவாக இரண்டு தடவை துடையுங்கள். டார்ச் அடித்தால் அந்த இடத்தில் மட்டும் கீறல் தெரிகிறதா? அப்படியானால் அடைத்து மறைத்திருக்கிறார்கள். செராமிக் போடுவதாக இருந்தால், பாலிஷ் முடிந்து கோட்டிங் பூசும் முன்பே கடையில் நின்று செய்யுங்கள்.

வீட்டில் கழுவுவது கஷ்டமில்லை. பனி காய்ந்து, பானெட் சூடாகும் முன், 8 முதல் 10 மணிக்குள், நிழலில். முதலில் வெறும் தண்ணியை மேலிருந்து ஊற்றி மணலை இறக்குங்கள், இதை அவசரப்படாமல் செய்யவேண்டும். இரண்டு பக்கெட், ஒன்றில் கார் ஷாம்பு, பாட்டிலில் எழுதியிருக்கும் அளவு, இன்னொன்றில் அலச வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் கிளவுஸால் கூரையிலிருந்து கீழே, வட்டமாக அல்லாமல் நேர்க்கோட்டில், ஒரு பேனலுக்கு ஒருமுறை அலசி. வீலுக்கும் கதவின் அடிப்பகுதிக்கும் தனித் துணி. சத்துவாச்சாரி, காட்பாடிப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணி கடின நீர். தானாகக் காயவிட்டால் வெள்ளை வட்டம் விழும், வெயிலில் இறுகிவிட்டால் எளிதில் போகாது. அதனால் கடைசி ஒரு குடம் பிடித்துவைத்த மழைத்தண்ணியோ காவிரித் தண்ணியோ ஊற்றி, பெரிய மைக்ரோஃபைபர் டவலை விரித்து ஒற்றி எடுங்கள். ஆர்.ஓ.விலிருந்து வெளியேறும் தண்ணி கூடவே கூடாது, அதில் உப்பு இன்னும் அதிகம்.

ஏமாந்தவர்கள் பில், வாக்குறுதி கொடுத்த வாட்ஸ்அப் மெசேஜ், டார்ச் அடித்து எடுத்த போட்டோ மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வந்தால் நிரூபிப்பது பெரும்பாடு.

போகி நெருங்குகிறது. வெள்ளையடிக்கும் வீட்டுப் பக்கம் காரை நிறுத்தாதீர்கள், சுண்ணாம்புத் துளி காய்ந்தால் பெயிண்ட்டில் தடம் விழும். போகியன்று காலை எரிந்த டயர் புகையும் சாம்பலும் பனியோடு சேர்ந்து காரில் கரி பூசியிருக்கும். அன்றைக்குக் கார் பக்கம் துணியே போகக்கூடாது, பைப்பைத் திறந்து தண்ணி மட்டும் நிறைய ஊற்றி, கடைசியில் ஒரு குடம் மழைத்தண்ணியோ காவிரித் தண்ணியோ ஊற்றுங்கள்.