அடையாறு டி.டி.கே. மருத்துவமனை: குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை

சென்னை அடையாறு, இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. மருத்துவமனையில் என் அக்கா மகன் சிகிச்சை பெற்றபோது, குடும்பத்தினருக்கான வகுப்புகளில் அக்காவோடு நானும் உட்கார்ந்திருந்தேன். போதை மறுவாழ்வுக்கு இடம் தேடி அலையும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். டி.டி.ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் ஃபவுண்டேஷன் என்ற பெயரில் 1980இல் இந்த அமைப்பைத் தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். குடிநோய்க்குக் கணவரை இளம் வயதிலேயே பறிகொடுத்தவர். 1992இல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். நோயாளியோடு வாழ்ந்து பார்த்த ஒருவர் உருவாக்கிய இடம் என்பது சிகிச்சை முறையிலேயே தெரிகிறது.

எங்கள் பையன் வடசென்னையில் வளர்ந்தவன். கஞ்சாவில் தொடங்கிய பழக்கம், டேப்பென்டடால் என்னும் வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்வதில் போய் நின்றது. கடும் வலிக்காக மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே தரவேண்டிய, ஓபியாய்டு என்னும், அபின் போலச் செயல்படும் வகையைச் சேர்ந்த மருந்து அது. ஊசியால் நரம்பு கெட்டுச் சீழ் பிடிப்பது ஒருபுறம் என்றால், ஒரே ஊசியை நண்பர்கள் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வதால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் பரவும் அபாயம் மறுபுறம். கத்திரி வெயிலிலும் அவன் முழுக்கைச் சட்டையைக் கழற்றாததன் காரணம் எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. அக்கா பீரோச் சாவியைத் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டு தூங்கினாள். டியூஷன் பணம் காணாமல் போய்க்கொண்டே இருந்ததால் அவன் தங்கை டியூஷனுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். அதே தெருவில் இன்னும் சில வீடுகளில் இதே நிலைதான் என்றாலும், மானம் போய்விடும் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் மாத்திரை விற்பவனுக்கே வசதியாக இருந்தது.

இங்கு வருவதற்கு முன் அவனை வேறொரு தனியார் மையத்தில் சேர்த்திருந்தோம். அங்கே மருத்துவரே இல்லை. அடியும் பூட்டிய அறையும்தான் வைத்தியம். வெளியே வந்த வாரமே மீண்டும் ஊசியைத் தொட்டான்.

டி.டி.கே.யில் முதல் கட்டம் உடலுக்கானது. மாத்திரையை நிறுத்தியதும் வரும் உடல்வலி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை ஆகியவற்றை மருத்துவ மேற்பார்வையில் கடக்க வைக்கிறார்கள். அதன் பிறகே தனி ஆலோசனையும் குழு அமர்வுகளும் தொடங்குகின்றன. என் மதிப்பில் இந்த இடத்தின் பெரும் பலம் குடும்ப வகுப்புதான். கடனை அடைத்துக் கொடுப்பது, வேலையிடத்தில் அவனுக்காகப் பொய் சொல்வது, கோபத்தில் வீட்டைவிட்டு விரட்டிவிட்டு மறுநாளே கையில் பணம் கொடுத்து அழைத்து வருவது என, அன்பு என்று நினைத்து நாங்கள் செய்தவை எல்லாம் நோய்க்கு எப்படித் தீனி போட்டன என்பதை யாரையும் குற்றவாளியாக்காமல் புரிய வைத்தார்கள். அக்கா பல வருடங்களுக்குப் பிறகு தன்னைப் பற்றிப் பேசியது அந்த அறையில்தான்.

ஆனாலும், தினக்கூலிக் குடும்பங்கள் வடசென்னையிலிருந்து அடையாறுக்கு வகுப்புக்காக வந்து போவது எளிதல்ல. ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் சம்பளத்தைத் தின்றுவிடுகிறது. இப்படியொரு சிகிச்சை வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்க வேண்டும். சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவன் பழைய தெருவுக்கும் பழைய நண்பர்களுக்கும் நடுவில்தான் வாழ வேண்டியிருக்கிறது என்பதால், தொடர் ஆலோசனைக்கு வருவதை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடாதீர்கள்.

எந்த மையமானாலும், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி பதிவு பெற்றதா என்று கேட்ட பிறகே சேருங்கள். போலீஸ் வழக்கு வருமோ என்று அஞ்சித் தள்ளிப்போடும் பெற்றோர், போதைக்கு அடிமையானவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால் என்.டி.பி.எஸ். என்னும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு நிபந்தனைகளோடு பாதுகாப்பு தருகிறது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் இருக்கிறது.