என்.சி.ஐ.டி.க்யூ. பயிற்சி என்று பணம் கட்டுவதற்கு முன்: டெல்டா மாவட்ட மாணவர்கள் கவனத்திற்கு

சம்பா அறுவடை முடிந்து வீட்டில் நாலு காசு புழங்கும் நேரம் பார்த்து, கும்பகோணத்தில் இயங்கும் ஒரு பயிற்சி மையம் மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி வரை சுவரொட்டி ஒட்டி, இன்டீரியர் டிசைன் படித்தவர்களிடம் என்.சி.ஐ.டி.க்யூ. என்னும் இன்டீரியர் டிசைனர் தகுதித் தேர்வின் பயிற்சிக்கென்று கட்டணம் வசூலிக்கிறது. நானும் அங்கே 45,000 ரூபாய் கட்டியவள். புகார் நிலுவையில் இருப்பதால் மையத்தின் பெயரை எழுதவில்லை. ஆனால் அவர்கள் என்ன பேசுவார்கள் என்று சொல்லிவிட்டால், நேரில் கேட்டவுடன் உங்களுக்கே தெரிந்துவிடும்.

இந்தத் தேர்வின் சான்றிதழ் இல்லாமல் இனி இந்தியாவில் இன்டீரியர் தொழில் செய்ய முடியாது என்பார்கள். அது உண்மையல்ல. 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம், ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்வதற்குத்தான் பதிவு கேட்கிறது. இன்டீரியர் டிசைனருக்கு அத்தகைய கட்டாயம் இங்கே கிடையாது. தேர்வை நடத்தும் சி.ஐ.டி.க்யூ. வட அமெரிக்க அமைப்பு. அந்தப் பக்கம் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு அது நல்ல தேர்வுதான். குறை தேர்வில் இல்லை.

அடுத்ததாக, டிப்ளமா முடித்த கையோடு மூன்று தாள்களையும் ஏப்ரலிலேயே எழுதிவிடலாம் என்பார்கள். இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். முதல் தாளான ஐ.டி.எஃப்.எக்ஸை இளநிலைப் பட்டத்தின் இறுதியாண்டு மாணவர்கள் எழுதலாம் என்பது சரி. மற்றவற்றுக்குப் படிப்போடு பணி அனுபவமும் வேண்டும். இன்டீரியர் டிசைனில் இளநிலைப் பட்டம் பெற்றவருக்கே அது 3,520 மணி நேரம், அதுவும் தகுதியுள்ள மேற்பார்வையாளரின் கீழ். நம் ஊர்ப் பட்டத்தை முதலில் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டு நிறுவனத்திடம் மதிப்பிட்டு வாங்கவும் வேண்டும். இதை நிர்வாகியிடம் கேட்டபோது, "என்னம்மா பெரிய அனுபவம், தஞ்சாவூரில் நமக்குத் தெரிந்த ஆபீஸ் இருக்கிறது, லெட்டர்பேடில் அடித்து வாங்கித் தருகிறேன், அதற்குத் தனியாகக் கொஞ்சம் ஆகும்" என்றார். பொய்க் கடிதத்தால் பின்னாளில் மாட்டிக்கொள்வது மாணவர்தானே தவிர, அதை அடித்துக் கொடுத்தவர் அல்லர்.

பாடக் குறிப்புகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் கட்டு; அட்டை மட்டும் புதிது. உள்ளே, மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையில் பக்கச் சுவரிலிருந்து கோப்பையின் நடுக்கோடு சரியாக 18 அங்குலம் என்றும், பக்கவாட்டில் கை எட்டும் அதிகபட்ச உயரம் 54 அங்குலம் என்றும் இருந்தது. இவை அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமான ஏ.டி.ஏ.வின் கீழ் வந்த விதிகளின் 1991-ஆம் ஆண்டு அளவுகள். 2010-ஆம் ஆண்டு விதிகளில் அவை 16 முதல் 18 அங்குலமாகவும், 48 அங்குலமாகவும் மாறி, 2012 மார்ச் முதல் கட்டாயமாகவும் ஆகிவிட்டன. அந்தக் கட்டை மனப்பாடம் செய்து போகிறவர், தெரிந்த கேள்விக்கே தவறான விடையைக் குறித்துவிட்டு வருவார். மூன்று தாள்களில் ஒன்றான பிராக்டிகத்துக்கோ டிரேசிங் பேப்பரும் டி-ஸ்கொயரும் கொடுத்து வாரக்கணக்கில் வரையச் சொன்னார்கள். கையால் வரையும் அந்தத் தேர்வு முறை போய், கணினியில் மாதிரித் திட்டங்களைப் படித்து விடையளிக்கும் முறை வந்து வருடங்கள் பல ஆகின்றன.

சுவரொட்டியில் முன்னாள் மாணவர் ஒருவர் 98 சதவீதம் எடுத்ததாகப் படம் போட்டிருக்கிறார்கள். இந்தத் தேர்வுக்குச் சதவீதக் கணக்கே இல்லை. 200 முதல் 800 வரையான அளவில் 500 எடுத்தால் தேர்ச்சி.

விண்ணப்பக் கட்டணத்தையும் அவர்களே ஜிபேயில் வாங்குகிறார்கள். விண்ணப்பதாரர் சி.ஐ.டி.க்யூ. தளத்தில் தம் பெயரில் கணக்கு தொடங்கித் தாமே கட்ட வேண்டிய பணம் அது. அதற்கு முன் தகுதி விதிகளை அங்கேயே படித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். கட்டிய தொகை முழுவதும் "நூல் விற்பனை" என்று எழுதப்பட்டிருக்கிறது. விற்ற நூலைத் திரும்ப எடுப்பதில்லையாம். நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் இல்லை. இந்தப் பருவத்தில் பணம் கட்டியவர்கள் ரசீது, ஜிபே பதிவு, அனுபவக் கடிதம் பற்றிய வாட்ஸ்அப் குரல் செய்திகள் எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். தனித்தனியாக மனு கொடுப்பதைவிடச் சேர்ந்து கொடுத்தால் விசாரணைக்கு வலு சேரும்.