நாலு வருட ஹாஸ்டல் வாழ்க்கையில் வாட்ஸ்அப்: என் ரிவ்யூ

தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கோயம்புத்தூருக்குப் படிக்க வந்தேன். இந்த மே மாதத்தோடு பி.இ. முடிகிறது. நாலு வருடமாக ஒரு நாள் விடாமல் திறந்த ஆப் வாட்ஸ்அப்தான். ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன்.

கிளாஸ் குரூப் எங்களுக்கு இரண்டு. ஒன்றில் மேம் இருப்பார். இன்டர்னல் தேதி, ஃபீஸ் கட்டக் கடைசி நாள், அதற்குக் கீழே வரிசையாக ‘ஓகே மேம்’. இன்னொன்று மேம் இல்லாத குரூப். லேப் ரெக்கார்டை யார் எழுதி முடித்தது, நாளைக்கு யாரெல்லாம் லீவ் என்பதெல்லாம் அங்கேதான். எங்கள் ரூம் குரூப்பில் நாலே பேர். ஒருத்தி சீக்கிரம் தூங்கிவிட்டால் விளக்கை அணைத்துவிட்டு மற்ற மூன்று பேரும் அவரவர் கட்டிலில் படுத்தபடி அதில் பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால் நான் நாலரை கொடுப்பது அம்மாவுக்காக. அம்மாவுக்கு டைப் செய்ய வராது. பீடி சுற்றும்போது வேலையை நிறுத்திவிட்டு போனில் பேசவும் முடியாது. மைக் பட்டனை மேலே தள்ளி லாக் செய்துவிட்டால் விரலை எடுத்துவிடலாம் என்று ஒரு தீபாவளி லீவில் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது. “ஏட்டி, சாப்ட்டியா?” என்று தொடங்கும். பின்னால் கத்தரிக்கோல் இலை வெட்டும் சத்தம், பக்கத்து வீட்டுச் சித்தியின் பேச்சு எல்லாம் கேட்கும். கூட்டாளிகளின் வாய்ஸ் மெசேஜை 2 மடங்கு வேகத்தில் ஓடவிடுவேன். அம்மாவுடையதை அப்படிக் கேட்க மனசு வராது.

அடுத்தது ஸ்டேட்டஸ். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் இந்த வசதி 2017-இல் வந்தது. எனக்கு வேலை கிடைத்தது இதனால்தான். இரண்டு வருடம் சீனியரான ஓர் அக்கா. கல்லூரி விழாவில் சேர்ந்து கோலம் போட்டபோது நம்பர் வாங்கினேன், அவ்வளவுதான் பழக்கம். தன் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் ஸ்டேட்டஸ் வைத்திருந்தார். “அக்கா, நான் அப்ளை செய்யலாமா?” என்று கேட்டேன். ரெஸ்யூமைத் திருத்திக் கொடுத்ததே அவர்தான். நெருங்கிய கூட்டாளிகளுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி கொஞ்சமே பழகியவர்களிடமிருந்துதான் வரும் என்று மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இலேயே எழுதியிருக்கிறார். ஒரு எலெக்டிவ் வகுப்பில் படித்தபோது பரீட்சைக்கு என்று மட்டும்தான் படித்தேன்.

அரை மதிப்பெண் குறைத்தது நம்பருக்காக. சாதாரண குரூப்பில் சேர்ந்தால் நம் நம்பர் அதிலுள்ள எல்லோருக்கும் தெரியும். புதிதாக அறிமுகமானவர்களிடம் பேச எங்கள் ஹாஸ்டல் பெண்கள் இன்ஸ்டாகிராம் பக்கம் போவது இதனால்தான், அங்கே நம்பர் கொடுக்க வேண்டியதில்லை. முதல் வருடம் சேரும் தங்கைகள் செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய், குரூப்பில் யார் சேர்க்கலாம் என்பதை ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று மாற்றிவிடுங்கள். புரொஃபைல் போட்டோவுக்கும் அதையே செய்யுங்கள்.

இன்னொன்று, இது ஆப்பின் குறை இல்லை. பத்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவளின் ஸ்டேட்டஸை இரண்டு வருடமாகத் தவறாமல் பார்த்து வந்தேன். அவளும் என்னுடையதைப் பார்ப்பாள். பார்த்ததே பேசியது போல இருந்துவிட்டது. போன தை மாதம் அவள் நிச்சயதார்த்தப் படத்தைப் பார்த்துத்தான் விஷயமே தெரிந்தது. ஹார்ட் போடப் போனவள் நிறுத்திவிட்டு நேரே கூப்பிட்டேன். அவள் எடுத்ததும், “இப்பவாவது கூப்பிடத் தோணுச்சா?” என்றாள். மெஸ் மூடும் வரை பேசினோம்.