பெர்லினா, டப்ளினா? வேலைக்காகக் குடியேறுபவர் பார்க்க வேண்டியவை

ஐரோப்பியத் தலைநகரம் ஒன்றில் வேலை கிடைத்து, இரண்டு அழைப்புகளுக்கு நடுவே தயங்கி நிற்பவர்கள் பெரும்பாலும் ஆண்டுச் சம்பளத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். பெர்லினையும் டப்ளினையும் அப்படி எடைபோட்டால் கணக்கு பிசகிவிடும். டப்ளினில் காகித வேலை எளிது, அன்றாடச் செலவு கடினம். பெர்லினில் இது பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

முதலில் மொழி. டப்ளினில் அலுவலகம், மருத்துவர், வாடகை ஒப்பந்தம் எல்லாமே ஆங்கிலத்தில் நடக்கின்றன. பெர்லினின் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் ஆங்கிலமே போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அலுவலகக் கதவுக்கு வெளியே வந்ததும், அரசுக் கடிதம் முதல் காப்பீட்டுப் படிவம் வரை அனைத்தும் ஜெர்மன் மொழியில்தான் வந்து சேரும். ஜெர்மனி மொழியைக் காலத்தோடு இணைத்தும் வைத்திருக்கிறது: புளூ கார்டு (ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் தகுதிமிக்க பணியாளருக்கான குடியிருப்பு அனுமதி) வைத்திருப்பவர் ஏ1 எனப்படும் தொடக்க நிலை ஜெர்மன் மட்டும் தெரிந்தால் 27 மாதங்களிலும், பி1 எனப்படும் இடைநிலையை எட்டியிருந்தால் 21 மாதங்களிலும் நிரந்தரக் குடியிருப்பு உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அயர்லாந்தில் 'கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ்' எனப்படும், தட்டுப்பாடான திறன்களுக்கான வேலை அனுமதியில் வந்தவர், மொழித் தேர்வு எதுவும் இல்லாமல், சுமார் இரண்டு ஆண்டுகளுக்குப் பின் தனி வேலை அனுமதி தேவைப்படாத 'ஸ்டாம்ப் 4' நிலைக்கு மாறலாம். ஆனால் அது காலவரம்புள்ளது, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெர்மனியின் நிரந்தர உரிமைக்குக் காலவரம்பு இல்லை. வாழ்க்கைத்துணை வேலை செய்ய இரு நாடுகளும் அனுமதிக்கின்றன. எல்லைச் சோதனையின்றிப் பயணிக்கக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதிக்குள் அயர்லாந்து இல்லை என்பதைப் பலர் பயணச்சீட்டு எடுத்த பிறகே கவனிக்கிறார்கள். டப்ளினில் இருந்துகொண்டு வார இறுதிக்குப் பாரிஸ் போக நினைத்தால், பெரும்பாலான நாட்டுக் கடவுச்சீட்டுகளுக்குத் தனி விசா வேண்டியிருக்கும்.

வீடு என்பதே இந்த ஒப்பீட்டின் நடுப்புள்ளி. பெர்லினில் மக்களில் பெரும்பாலோர் வாடகைக்குத்தான் இருக்கிறார்கள். காலவரையற்ற ஒப்பந்தமே வழக்கம், குடியிருப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பும் வலுவானது. ஆனால் அந்த வட்டத்துக்குள் நுழைவது பெரும்பாடு. புதிதாக வந்தவரிடம் 'ஷூஃபா' என்னும் கடன் நம்பகச் சான்றும், கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். அவரிடம் இரண்டுமே இருக்காது. முகவரிப் பதிவு செய்ய வீட்டு உரிமையாளரின் ஒப்புதல் கடிதம் வேண்டும், வரி எண் அந்தப் பதிவுக்குப் பிறகே அஞ்சலில் வரும். விளம்பரத்தில் காணும் 'குளிர் வாடகை'யில் வெப்பமூட்டும் செலவும் பராமரிப்புச் செலவும் சேராது. முன்வைப்புத் தொகை அந்தக் குளிர் வாடகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம், அதை மூன்று தவணைகளில் கட்டச் சட்டம் அனுமதிக்கிறது. பல வீடுகளில் சமையலறை மேடையும் அலமாரியும்கூட இருக்காது. பழைய குடித்தனக்காரரிடமிருந்து அவற்றை விலைக்கு வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு மனம் பழகவே சில வாரங்கள் ஆகும்.

டப்ளினில் இத்தகைய காகிதச் சுழல் குறைவு. முன்வைப்புத் தொகை ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று 2021-இல் சட்டமே வந்துவிட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: வாடகைக்கு வீடுகளே போதுமான அளவில் இல்லை. ஐரோப்பாவிலேயே மிக அதிக வாடகை கேட்கும் நகரங்களுள் ஒன்றாக அது இருப்பதால், நல்ல சம்பளம் வாங்குபவர்களும் முப்பது வயதைக் கடந்து அறை பகிர்ந்து வாழ்வது அங்கே வியப்புக்குரியதல்ல. தனியாள் இதைப் பொறுத்துக்கொள்வார். குடும்பத்தோடு வருபவரால் முடியாது.

சம்பளச் சீட்டில் பெர்லின் கடுமையாகத் தெரியும். ஓய்வூதியத்துக்கு 18.6 சதவீதம், பொது மருத்துவக் காப்பீட்டுக்கு 14.6 சதவீதமும் அதற்கு மேல் ஒரு கூடுதல் பங்கும் என்று பிடித்தம் நீளும். இவற்றில் பாதியை நிறுவனம் ஏற்கிறது. ஆயினும் அந்தக் காப்பீட்டிலேயே வருமானமில்லாத வாழ்க்கைத்துணையும் குழந்தைகளும் தனிக் கட்டணமின்றிச் சேர்ந்துவிடுவார்கள். மழலையர் காப்பகக் கட்டணத்தைப் பெர்லின் 2018-இல் நீக்கிவிட்டது. அயர்லாந்தில் 20, 40 சதவீதம் என இரண்டே வருமான வரி விகிதங்களும் தனியே சில பிடித்தங்களும் உண்டு. ஆனால் குடும்ப மருத்துவரிடம் ஒவ்வொரு முறை செல்லும்போதும் பெரும்பாலோர் கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டும். எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது இலவசம். காப்பகச் செலவோ பெற்றோரின் சேமிப்பைக் கரைத்துவிடும். ஆகவே பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தை உள்ள குடும்பத்துக்கு, டப்ளின் சம்பளம் கணிசமாக அதிகமாக இல்லாவிட்டால், நான் பெர்லினையே பரிந்துரைப்பேன்.

குடியுரிமை என்று வரும்போது தராசு மறுபடி சாய்கிறது. இரு நாடுகளிலும் பொதுவாக ஐந்து ஆண்டு வசிப்பு வேண்டும். ஜெர்மனி 2024 ஜூன் முதல் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது என்றாலும் (சொந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கிறதா என்பது தனிக் கேள்வி), பி1 நிலை ஜெர்மனும் நாட்டின் சட்டம், சமூகம் குறித்த தேர்வும் கேட்கிறது. அயர்லாந்தில் இவை இரண்டும் இல்லை. ஆனால் ஜெர்மனி 255 யூரோ வாங்கும் இடத்தில், விண்ணப்பத்துக்கு 175, சான்றிதழுக்கு 950 என்று அயர்லாந்து ரசீது நீட்டும்.