பெற்றோரா, வளர்ப்பவரா? நீலகிரி வீட்டு நாய்க்கு எது நல்லது

நாயைப் பிள்ளையாக நினைப்பவர் பெற்றோர், நாயை நாயாகவே பார்ப்பவர் வளர்ப்பவர். இருவரில், பாதுகாப்பில் பெற்றோர் மனம்தான் மேல். அவர் 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, ஓராண்டில் மறு ஊசி என்று தேதி தவறமாட்டார். வெறிநோய்க்காகவே 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கிய மலை இது. இரவில் நாயை வீட்டுக்குள் படுக்கவைப்பதும் அவர்தான். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டு வாசலில் சங்கிலியில் கிடக்கும் நாய்க்குச் சிறுத்தை வந்தால் ஓடக்கூட வழியில்லை. காவலுக்கென்று அப்படிக் கட்டுவது கொடுமை.

பாசம் தடம் புரள்வது சாப்பாட்டில். வர்க்கி, பால் டீ, ஹோம்மேட் சாக்லேட் என எல்லாவற்றிலும் நாய்க்குப் பங்கு போகும். 10 கிலோ நாய்க்கு வாந்தியும் படபடப்பும் வர 50 கிராம் டார்க் சாக்லேட் போதும். அதிலுள்ள தியோபுரோமின் என்ற வேதிப்பொருளை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும். ஸ்வெட்டரும் அப்படியே. மூடுபனியில் நனைந்ததைக் கழற்றாமல் விட்டால் தோல் புண்ணாகும். அடர்ந்த ரோமமுள்ள நாய்க்கு அது தேவையே இல்லை.

இங்கே நாயை நாயாகப் பார்க்கும் வளர்ப்பவரே தெளிவு. புல்வெளி நடை முடிந்ததும் காதுமடல், விரலிடுக்கில் உண்ணி தேடுவார். தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகினால் அதன் வாய்ப்பகுதி உள்ளேயே தங்கிவிடும்.