இரவெல்லாம் எரியும் விளக்கு: டைமரா, ஸ்மார்ட் பல்பா, சென்சாரா?

முதலில் கணக்கு. 9 வாட் எல்இடி பல்பு ஒன்று எட்டு மணி நேரம் வீணாக எரிந்தால் 72 வாட்-மணி மின்சாரம் போகிறது. ஒரு யூனிட் தீர்வதற்குள் கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஓடிவிடும். தினமும் தவறாமல் மறந்தாலும் ஆண்டுக்குச் சுமார் 26 யூனிட்தான். அதே இடத்தில் 60 வாட் குண்டு பல்பு இருந்தால் 175 யூனிட். வீட்டில் குண்டு பல்பு இன்னும் மிச்சமிருந்தால் டைமரும் சென்சாரும் அப்புறம். முதலில் அதைக் கழற்றுங்கள். இரவு வீண்செலவோடு மாலை நேரச் செலவும் சேர்ந்து குறையும்.

எல்லாம் எல்இடி ஆகிவிட்ட வீட்டில் பிறகு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? வாசலில் இருக்கும் 50 வாட் ஃபோகஸ் லைட் இரவெல்லாம் எரிந்தால் ஆண்டுக்கு 146 யூனிட். அது பில்லில் தெரியும். மற்ற விளக்குகளில் தொல்லை வேறு விதம். நடைவழி வெளிச்சம் கதவிடுக்கு வழியாகப் படுக்கையறைக்குள் விழுகிறது. இரவு வெளிச்சம், குறிப்பாக அதிலுள்ள நீலப் பகுதி, உடலை உறக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் சுரப்பைக் குறைக்கிறது. வாசல் விளக்கில் பூச்சி மொய்க்கிறது, பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டுகிறது. காலையில் "கடைசியாகப் படுத்தது யார்?" என்ற விசாரணை வேறு.

எங்கள் வீட்டில் இதற்கான வழிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, பெரும்பாலான இடங்களில், ஆளில்லாதபோது விளக்கைத் தானே அணைக்கும் சென்சார் சுவிட்சில் வந்து நின்றிருக்கிறோம். ஆகவே இங்கே நடுநிலைத் தீர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம். என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

சுவிட்சுக்குப் பக்கத்தில் சீட்டு ஒட்டுவது, படுக்கும் நேரத்துக்கு அலாரம் வைப்பது எல்லாம் சில நாள் பலிக்கும். பிறகு சீட்டும் சுவரோடு சுவராகி யார் கண்ணிலும் படாமல் போகும். அதைவிட உருப்படியான ஒன்றைப் பலர் யோசிப்பதில்லை: சுவிட்ச் எங்கே இருக்கிறது? மாடிப்படி விளக்குக்குக் கீழே மட்டும் சுவிட்ச் இருந்தால், மேலே போனவர் அதை அணைப்பதற்காக மறுபடி இறங்கி வரப்போவதில்லை. அதை மறதி என்று சொல்வது அநியாயம். மேலேயும் கீழேயும் டூ-வே சுவிட்ச் போட்டால் விஷயம் முடிந்தது. வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், பொது விளக்குகள் அனைத்தையும் ஒரே தட்டில் அணைக்கும் சுவிட்ச் ஒன்றைப் படுக்கையறை வாசலில் வைத்துக்கொள்ளலாம். கட்டி முடித்த வீட்டில் இதற்காகச் சுவரை உடைக்கச் சொல்ல மாட்டேன்.

டைமர் வாசல் விளக்குக்குச் சரி, வீட்டுக்குள் சரிப்படாது; பேச்சு களைகட்டும் நேரத்தில் விளக்கு அணைந்தால் யார் பொறுப்பார்கள்? வட்டத்தட்டில் கால்மணிக்கு ஒன்றாக 96 பற்கள் உள்ள சாதாரண டைமர், மின்சாரம் போனால் நின்றுவிடும். வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். இரண்டு மணி நேர மின்வெட்டுக்குப் பிறகு, பத்து மணிக்கு அணைய வேண்டிய விளக்கு பன்னிரண்டுக்கு அணையும். பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரில் இந்தச் சிக்கல் இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்தால் சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் வகையும் உண்டு. டைமருக்குப் பதிலாகப் போட்டோசெல் வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அது இருட்டினால் போடும், விடிந்தால்தான் அணைக்கும். எதைத் தவிர்க்கப் பார்க்கிறோமோ அதையே ஒழுங்காகச் செய்து தரும்.

ஸ்மார்ட் பல்பின் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று படுத்தபடியே கைபேசியில் பார்க்கலாம், ஒரு தொடுதலில் அணைக்கலாம், பதினொன்றரைக்கு எல்லாம் தானே அணையட்டும் என்று சொல்லிவைக்கலாம். சுவிட்ச் போர்டில் கைவைக்க முடியாத வாடகை வீட்டில் இருப்பவருக்கு இதுவே நல்ல வழியாக இருக்கலாம்.

ஆனால் அணைந்திருக்கும்போதும் அது கட்டளைக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. அதற்கு அரை வாட் என்று வைத்துக்கொண்டால் ஒரு பல்புக்கு ஆண்டுக்குச் சுமார் 4 யூனிட், பத்து பல்புக்கு 40. சாதாரண எல்இடி ஒன்றை ஆண்டு முழுவதும் அணைக்காமல் தூங்கினாலும் 26தான்! மின்வெட்டு இன்னொரு கூத்து. நள்ளிரவில் மின்சாரம் போய்த் திரும்பினால் பல ஸ்மார்ட் பல்புகள் முழுப் பிரகாசத்தோடு எரியத் தொடங்கும். சுவர் சுவிட்சைப் போட்டால் சாதாரண பல்பைப் போல எரிய வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். மின்வெட்டு முடிந்து மின்சாரம் வந்ததா, யாராவது சுவிட்சைப் போட்டார்களா என்று பல்புக்குத் தெரியாது. முன்பிருந்த நிலையிலேயே இருக்கும்படி மாற்றிவைக்கும் வசதி பலவற்றில் உண்டு. அதை ஒவ்வொரு பல்புக்கும் தேடிப்போய்ச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வந்தவர் பழக்கதோஷத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால், கைபேசியிலிருந்து அந்தப் பல்பு காணாமல் போகும்.

என் முடிவைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புதான். வைஃபை கடவுச்சொல்லை மாற்றினால் பல்புகளை ஒவ்வொன்றாக மறுபடி இணைக்க வேண்டும். ரூட்டர் மாறினால் அதே வேலை. பெரும்பாலான வைஃபை பல்புகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும் என்பதால், புது ரூட்டரில் அதற்கென ஒரு போராட்டம். இதெல்லாம் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான் இருப்பார். அவர் வெளியூர் போனால் மற்றவர்கள் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

தயாரித்தவர்களே கையை விரித்துவிடுவதும் நடக்கிறது. ரிவால்வ் என்ற நிறுவனத்தை 2014இல் கூகுளின் நெஸ்ட் வாங்கியது. வீட்டு விளக்குகளை இயக்கிய அதன் கருவி 2016 மே மாதத்தோடு செயலிழந்தது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் வீட்டுச் சாதன நிறுவனத்தின் சர்வர்கள் திடீரென நின்றுபோயின. பயனாளர்கள் சிலர் கூடி நிறுவனத்தை வாங்கிய பிறகுதான் மீண்டன. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான மேட்டர் என்ற பொதுத்தரம், சாதனங்கள் வெளி சர்வரை நம்பாமல் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வழி செய்கிறது. நிலைமை தேறும் என்று நம்ப அதில் இடமிருக்கிறது. ஆனாலும் மறதிக்கு வைத்தியமாக வருகிற பொருள், தன்னையும் நினைவில் வைத்துக் கவனிக்கச் சொன்னால் அது தலைவலி போய்த் திருகுவலி வந்த கதை.

சென்சார் சுவிட்சுக்குக் கடவுச்சொல் கிடையாது. பரவலாக இருப்பது பிஐஆர் வகை. மனித உடல் வெளியிடும், சுமார் 10 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை அது கவனிக்கிறது. முன்னாலுள்ள பால்நிறப் பிளாஸ்டிக் மூடியை உற்றுப் பார்த்தால் சிறுசிறு கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு கட்டமும் ஒரு லென்ஸ். எல்லாமாகச் சேர்ந்து அறையைப் பட்டை பட்டையாகப் பிரிக்கின்றன. உடல் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும்போது வரும் மாற்றம்தான் அதன் கண்ணில் படுகிறது. ஆகவே குறுக்கே நடப்பவரை உடனே பிடித்துவிடும். நேராகத் தன்னை நோக்கி வருபவரைத் தாமதமாக அறியும். அசையாமல் உட்கார்ந்திருப்பவர் அதைப் பொறுத்தவரை ஆளே இல்லை.

கடைசியாகச் சொன்னதன் பலனைக் கழிவறையில் அனுபவிக்கலாம். செய்தித்தாளோடு உட்கார்ந்தவர் பாதிப் பத்தியில் இருட்டில் நிற்பார்; தாளைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினால்தான் மீதிப் பத்தி. மூடியைக் கழற்றினால் உள்ளே சின்னத் திருகு ஒன்று இருக்கும், அதில் அணையும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் கழிவறைக்குப் பத்து நிமிடம், சாமான் அறைக்கு இரண்டு, நடைவழிக்கு ஒன்று. ஆள் போன பிறகு பத்து நிமிடம் எரிந்தாலும் 9 வாட் பல்பு தின்பது 1.5 வாட்-மணிதான், அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இதிலேயே இரண்டு வகை இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆளைக் கண்டதும் போட்டு, ஆள் போனதும் அணைக்கும். மற்றதைக் கையால்தான் போட வேண்டும். அணைப்பதை மட்டும் அது பார்த்துக்கொள்ளும். என் ஓட்டு இரண்டாவதற்கு. விளக்கைப் போட யாரும் மறப்பதில்லையே! பூனை கடந்தால் எரியாது, பட்டப்பகலில் எரியாது, மின்சாரம் போய் வந்தாலும் ஆளில்லாமல் எரியாது. சுவிட்ச் எப்போதும் இருக்கும் இடத்தில் எப்போதும் செய்யும் வேலையைச் செய்வதால், குழந்தைக்கோ விருந்தாளிக்கோ எதையும் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டு கையிலும் சாமானோடு நுழைகிற அறைக்கு மட்டும் முதல் வகை.

குறைகளும் உண்டு. அறையின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் புழுக்கமான இரவில் பிஐஆர் மந்தமாகிவிடும். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் இருப்பவரை அறியாது. எல்இடி விளக்குகள் போடும் நொடியில் வழக்கத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், நிறைய விளக்குகளை ஒரே சென்சாரில் கோத்தால் உள்ளிருந்து விளக்கைப் போட்டு அணைக்கும் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு விளக்கு அணையாமலே நிற்கலாம். அட்டையில் எல்இடிக்கென்று தனியாகப் போட்டிருக்கும் வாட் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

வயரிங்தான் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம். வாங்குவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனைக் கொண்டு, மெயினை அணைத்து, சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பல வீடுகளில் அங்கே மின்சாரம் வரும் ஃபேஸ் வயரும் விளக்குக்குப் போகும் வயரும் மட்டுமே இருக்கும். மின்சாரம் திரும்பிப் போகும் வயரான நியூட்ரல் நேராக விளக்குக்குப் போயிருக்கும். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் சென்சார், தன் தேவைக்கான சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே கடத்துகிறது. குண்டு பல்பு அதைச் சட்டை செய்யாது. எல்இடியோ அணைத்த பிறகும் மங்கலாக மினுங்கும், அல்லது விட்டுவிட்டுச் சிமிட்டும். விளக்குக்கு இணையாகச் சிறு கப்பாசிட்டர் போட்டால் பெரும்பாலும் அடங்கும். நியூட்ரல் இழுக்க வழியிருந்தால் மூன்று வயர் சென்சாரே மேல். அதுவும் சும்மா இருக்கையில் கொஞ்சம் மின்சாரம் தின்னும். ஆனால் ஐந்து விளக்குக்கு ஒன்று போதும், ஸ்மார்ட் பல்பைப் போல ஐந்துக்கும் ஐந்து வேண்டியதில்லை.

அசையாதவரையும் அறியும் ரேடார் சென்சார்கள் இப்போது வருகின்றன. மூச்சுவிடும்போது நெஞ்சு அசைவதே அவற்றுக்குப் போதும். படிக்கும் அறையில் மட்டும் ஒன்றை மாட்டியிருக்கிறேன். நாற்காலியில் உறைந்து உட்கார்ந்திருந்தாலும் விளக்கு அணையாமல் எரிகிறது. ஆனால் ஓடும் மின்விசிறியையும் சில நேரம் ஆள் என்று எடுத்துக்கொள்கிறது. மெல்லிய தடுப்புக்கு அப்பால் நடப்பவரையும் விடுவதில்லை. உணரும் தூரத்தைக் குறைத்த பிறகு பரவாயில்லை. எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சொல்லுமளவுக்கு எனக்கு அனுபவமாகவில்லை.

முதியவர்கள் இரவில் இறங்கி ஏறும் படிக்கட்டை மட்டும் எந்தச் சென்சாரையும் நம்பி விட வேண்டாம். பாதிப் படியில் விளக்கு அணைவது விளையாட்டில்லை. அங்கே தரையோரமாக மஞ்சள் நிற அரை வாட் விளக்கு ஒன்று இரவெல்லாம் எரியட்டும், ஆண்டுக்கு 1.5 யூனிட்தான் ஆகும்.

ஹாலுக்குச் சென்சாரும் சரிப்படவில்லை. அசையாமல் படம் பார்ப்பவர்களை பிஐஆர் இருட்டில் தள்ளிவிடுகிறது. அதனால் அங்கே ஒரே ஒரு ஸ்மார்ட் பல்பு வைத்து, மின்சாரம் திரும்பினால் அணைந்தே இருக்கும்படி மாற்றியிருக்கிறோம். ஒன்றுதான் என்பதால் ரூட்டர் மாறினாலும் பெரிய வேலை இல்லை.